மூத்தவர் பிரிக்க, இளையவர் எடுக்க

கோமகன் வுல்பிராண்டுக்கு நாற்பத்தொரு வயதாகியும் தனக்கென்று முழுசாக ஒன்றும் கிடையாது. எல்லர்பர்க் கோட்டை இருந்தது, ஆனால் பாதி. கூடத்தில் அரியணை இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் இன்னொன்றும் இருந்தது. அதில் தம்பி லூடெக்கே உட்கார்ந்திருந்தான். நாட்டை உடைக்காதீர்கள், சேர்ந்து ஆளுங்கள் என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடினார். சொல்வது அவருக்குச் சுலபம். இருந்து பார்க்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

பதினோரு வருஷம் ஓட்டினார்கள். வீஹே ஆற்றுப் பாலத்தைச் சந்தை நாளில் திறந்துவைக்கும்படி அண்ணன் உத்தரவு எழுதுவார். மூடிவைக்கும்படி தம்பி எழுதுவான். நகரத்து ஆட்கள் இரண்டு கடிதத்தையும் மரியாதையாக வாங்கி, எது பிந்தி வந்ததோ அதன்படி நடப்பார்கள். அதனால் இருவரும் தங்கள் கடிதம் பிந்திப் போகவேண்டும் என்று குதிரைக்காரனைக் காக்கவைக்க ஆரம்பித்தார்கள். ஒரு தடவை இரண்டு குதிரைக்காரர்களும் பாலத்தடியிலேயே நான்கு நாள் சீட்டாடிக்கொண்டு கிடந்தார்கள். பாலம் பாதி திறந்து கிடந்தது.

அந்தப் பாதிப் பாலத்துக்குப் பிறகுதான் நாட்டுச் சபை கூடியது. மடத்துப் பெரியவர்கள், வீரர்கள், நகரத்தார் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அப்பா சொன்னது போதும், பிரித்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு அந்த நாட்டில் ஒரு முறை உண்டு. மூத்தவர் நாட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு தோலில் எழுதி வைக்கவேண்டும். இளையவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். யோசிக்க அவருக்கு மிக்கேல் திருநாளிலிருந்து மார்ட்டின் திருநாள்வரை, ஆறு வாரம். பிரித்தவர் கோயிலில் புனிதரின் விரலெலும்பைத் தொட்டு, எந்தப் பங்கு வந்தாலும் எனக்குச் சம்மதம் என்று சத்தியம் செய்யவேண்டும். அந்த ஆறு வாரத்தில் வாயாலோ முகத்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தார் என்று தெரிந்தால் பிரிவினை செல்லாது. ஊர் ஊராகச் சீட்டு எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்குவார்கள். அப்படிக் குலுக்கினால் அண்ணன் ஊருக்கு நடுவில் தம்பி ஊர், தம்பி ஊருக்கு நடுவில் அண்ணன் ஊர் என்று விழும். பிறகு இன்னொரு பதினோரு வருஷம்.

வுல்பிராண்டுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. லோம்பெக் குளங்கள்.

கோட்டையிலிருந்து மூன்று மணி நேரக் குதிரைப் பயணம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அது வெறும் சதுப்பு. ஆடு இறங்கினால் ஆட்டைத் தேடவேண்டும், தேட இறங்கினவனையும் தேடவேண்டும். மடத்தில் குளம் பார்த்து அனுபவப்பட்ட ஹென்னெக்கே என்பவனைக் கூட்டிவந்து, வுல்பிராண்ட் அங்கே கரை போட்டார், வாய்க்கால் வெட்டினார், மதகு வைத்தார். ஏழு குளம். சின்னதில் குஞ்சு விட்டு, நடுத்தரத்தில் வளர்த்து, கடைசியில் பெரிய குளத்துக்கு மாற்றுவது. பெரிய குளத்தில் விட்ட கெண்டைக்கு இந்த இலையுதிர் காலத்தோடு மூன்று வருஷம். அந்தக் குளத்தில் இதுதான் முதல் அறுவடை. கோமகன் வேறு எதற்காகவும் மூன்று வருஷம் பொறுமையாக இருந்ததில்லை.

பிரித்து எழுத உட்கார்ந்தபோது முதலில் நியாயமாகத்தான் எழுதினார். லோம்பெக் பக்கத்தில் மான்காட்டையும் சேர்த்தார். எழுதி முடித்து மறுபடி படித்துப் பார்த்தார். லூடெக்கேவுக்கு வேட்டை என்றால் உயிர். மான்காட்டுக்காக லோம்பெக்கை எடுத்துவிடுவான். மான்காட்டைத் தோலிலிருந்து சுரண்டிவிட்டு எல்லர்பர்க் பக்கம் எழுதினார். அப்படியும் மனசு கேட்கவில்லை. பாலத்தையும் அந்தப் பக்கம் தள்ளினார். பிறகு திராட்சைக் குன்றை. பிறகு நகரத்தை. ஒரு வாரம் இப்படியே தள்ளித் தள்ளி, கடைசியில் எல்லர்பர்க் பங்கில் கோட்டை, நகரம், பாலம், குன்று, காடு எல்லாம் இருந்தன. லோம்பெக் பங்கில் ஏழு குளம், மணல் மண்ணில் மூன்று குக்கிராமம், ஒழுகும் மரவீடு ஒன்று, மேற்குக் காற்றடித்தால் மட்டும் சுற்றும் காற்றாலை ஒன்று, யார்மீதாவது எப்போதும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கன்னியாஸ்திரீ மடம் ஒன்று. இவ்வளவுதான்.

அவர் மனைவி இல்ஸபே இரண்டு தோலையும் படித்துப் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள், படித்ததை மறைக்கத் தெரியாதவள்.

"இதுல எது நமக்கு?" என்று கேட்டாள்.

"எது வந்தாலும் சம்மதம்."

"அது சரி. அந்த வீட்டுக் கூரை மாத்துற வரைக்கும் நான் எந்த மூலையில படுக்கணும், அதையாவது சொல்லுங்க."

வுல்பிராண்ட் இரண்டு தோலையும் சுருட்டி எடுத்துக்கொண்டார். அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. பதினோரு வருஷமாகத் தம்பி மனைவி யூட்டாவோடு ஒரே அடுப்பைப் பங்குபோட்டவள் அவள். யூட்டா நல்லவள்தான். ஆனால் எதிலும் சீரகம் போடுவாள், பாலில்கூட. சீரகமில்லாத ஒரு அடுப்புக்காக இல்ஸபே மாட்டுக் கொட்டகையில்கூட இருக்கத் தயார்.

சத்தியம் நடந்தது. வுல்பிராண்ட் விரலெலும்பைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தார். சபைத் தலைவர் தீட்மார் இரண்டு தோலையும் உரக்கப் படித்தார். அவர் மடத்துத் தலைவரும்கூட. சட்டத்தில் ஒரு நூல் பிசகாதவர், பத்தடிக்கு அப்பால் மரத்துக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்.  படித்து முடித்ததும், மூத்தவருக்குப் புத்தி தடுமாறிவிட்டதா என்று நகரத்தார் ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

லூடெக்கே உடனே எல்லர்பர்க்கை எடுத்துக்கொள்வான் என்றுதான் வுல்பிராண்ட் நினைத்தார். இருபது எண்ணுவதற்குள் கதை முடியும் என்று நினைத்தார். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டார். முப்பத்தெட்டு வருஷமாக அண்ணன் தனக்கு ஒரு ஆப்பிளின் பெரிய பாதியைக்கூடக் கொடுத்ததில்லை என்பது லூடெக்கேவுக்கு நன்றாக நினைவிருந்தது. கோட்டையைக் கொடுக்கிறானாம். காட்டைக் கொடுக்கிறானாம். அப்படியென்றால் அந்தச் சதுப்புக்குள் என்னவோ இருக்கிறது.

உப்பு என்றார்கள் அவன் ஆட்கள். உப்பு ஊற்றுக் கிடைத்த ஊர்கள் எப்படிக் கொழுத்தன என்று எல்லாருக்கும் தெரியும். லூடெக்கே தன் வீரன் போடோவை லோம்பெக்குக்கு அனுப்பி, அங்குள்ள கிணறு, வாய்க்கால், குட்டை எல்லாவற்றிலும் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவரச் சொன்னான். போடோ கடமை தவறாதவன். இருபத்தாறு இடத்தில் குடித்தான். திரும்பிவந்து எட்டு நாள் படுத்துக் கிடந்தான். உப்புக் கரிப்பு எங்கேயும் இல்லை என்று கதவுக்கு உள்ளிருந்தபடியே தகவல் சொன்னான்.

உப்பு இல்லை என்று தெரிந்ததும் லூடெக்கேவின் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. இவ்வளவு தேடியும் கிடைக்காத அளவுக்கு ஒளித்துவைத்திருக்கிறான் என்றால் பொருள் பெரிய பொருள். வெள்ளிச் சுரங்கமாக இருக்கலாம். லோம்பெக்கையே எடுத்துவிடலாமா என்று தம்பி யோசிப்பதாக யூட்டா சமையலறையில் இல்ஸபேயிடம் சொன்னாள். சதுப்பில் போய்க் குடியிருக்கும் நினைப்பில் பாவம் அவள் அழுதாள். இரண்டு பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து, இந்த வீட்டு ஆண்களைப் பெற்றவளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

 வுல்பிராண்டுக்கு உண்மையைச் சொல்ல வழி இல்லை. சொன்னால் சாய்ந்ததாகிவிடும், தொப்பி வந்துவிடும். ஒருநாள் மேஜையில் லூடெக்கே நேராகவே கேட்டான்.

"அண்ணே, அந்தப் பக்கம் என்னதான் இருக்கு?"

"எழுதியிருக்கிறதுதான் இருக்கு."

"எழுதாதது?"

"எழுதாதது ஒண்ணுமே இல்லடா."

முழு உண்மை. அதைச் சொல்லும்போது வுல்பிராண்டின் காது சிவந்துபோனது. லூடெக்கே காதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் தலையாட்டியபடி ரொட்டியைப் பிய்த்தான்.

அக்டோபர் நடுவில் லோம்பெக்கிலிருந்து ஹென்னெக்கே ஆள் அனுப்பினான். பெரிய குளத்தின் மதகைத் திறந்து பத்து நாளாகத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது கரையோரம் வற்றி, மீன் எல்லாம் நடுப்பள்ளத்துக்கு வந்துவிட்டது. பள்ளத்தில் கூட்டம் கூடிவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். இரண்டு நாளுக்குமேல் தாங்காது. கோமகன் வராமல் ஆரம்பிக்கட்டுமா?

போகாமல் இருக்கலாம் என்று வுல்பிராண்ட் ஒரு கணம் நினைத்தார். ஆனால் எட்டு வருஷமாக மற்றக் குளங்களின் எந்த மீன்பிடிப்புக்கும் போகாமல் இருந்ததில்லை. இந்த வருஷம் மட்டும் போகவில்லை என்றால் அதுவும் தம்பி கணக்கில் ஏறும். இல்ஸபேயிடம் கேட்டார்.

"போயிட்டு வாங்க" என்றாள். "ஆனா சாவு வீட்டுக்குப் போற மாதிரி போங்க. மூஞ்சிய இப்படியே வச்சுக்கங்க, இப்ப இருக்கிற மாதிரி. நல்லாத்தான் இருக்கு."

அவர் கிளம்பும்போது முற்றத்தில் இன்னொரு குதிரையும் சேணம் பூட்டி நின்றது. லூடெக்கே. பக்கத்தில் ஒரு மூடுவண்டியில் சபைத் தலைவர் தீட்மார், முழங்கால்வரை ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு. எடுக்கப்போகும் பொருளை நேரில் பார்ப்பது இளையவரின் உரிமை என்று தீட்மார் விளக்கினார். பிரித்தவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கவனிப்பது தன் கடமை என்றும் சொன்னார். யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தெரியாமல் குதிரையைப் பார்த்துச் சொன்னார்.

 வுல்பிராண்ட் வழி முழுக்கத் துக்கமான விஷயங்களாக நினைத்துக்கொண்டு வந்தார். செத்துப்போன நாய், அப்பாவின் கடைசி இருமல், கன்னியாஸ்திரீகள் போட்ட வழக்கு. லோம்பெக் கரை கண்ணில் பட்டபோது முகம் சரியான பதத்தில் இருந்தது.

குளம் முழுக்க வெயில். மூன்று குக்கிராமத்து ஜனமும் அங்கேதான் இருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிய பெண்கள், தொடைவரை சேற்றில் நிற்கும் ஆண்கள், கரைமேல் வரிசையாகத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்கள். ஒருவன் கொம்பு ஊதினான். நாற்பது பேர் வலையைப் பிடித்துப் பள்ளத்தைச் சுற்றி வளைத்து மெதுவாக இழுத்தார்கள். முதலில் தண்ணீர் மட்டும் நடுங்கியது. பிறகு ஒரு முதுகு தெரிந்தது. பிறகு தண்ணீரே தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. வெண்கலப் பாத்திரங்களைக் கொட்டிவைத்து யாரோ கலக்குவது போலிருந்தது.

வுல்பிராண்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கரைமேல் நின்றார். கன்னத்தின் உள்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டார்.

ஹென்னெக்கே சேற்றிலிருந்து ஒரு கெண்டையைக் கட்டித் தூக்கிக் காட்டினான். பால்குடிப் பன்றி அளவு இருந்தது. "மூணு வருஷத்துல இது, ஐயா" என்று கத்தினான். "மடத்துல அஞ்சு வருஷம் வச்சாலும் இப்படி வராது. அங்க சாப்பாடு எல்லாம் சாமியாருங்களுக்கே போயிடும்." கரையில் சிரித்தார்கள். கோமகன் இருமினார். லூடெக்கே ஐந்தடி தள்ளி நின்று குளத்தைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தீட்மாருக்கு வண்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பீப்பாய்களைக் கவனித்துவந்தார்.

அப்போது வலையின் அடிக்கயிறு ஒரு பழைய மரவேரில் மாட்டிக்கொண்டது. இழுத்தவர்கள் தெரியாமல் இழுத்தார்கள். கயிறு மேலே எழும்பியது. எழும்பின இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு வழி. அதைக் கண்டுபிடிக்கக் கெண்டைக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. ஒன்று போனது, மூன்று போனது, பிறகு மூட்டை அவிழ்ந்த மாதிரி போக ஆரம்பித்தது. ஹென்னெக்கே எதிர்ப்பக்கத்தில் இருந்தான். கயிற்றை மிதிக்க அந்த இடத்தில் ஆள் இல்லை.

சாவு வீட்டு முகம் எங்கே போனதென்று வுல்பிராண்டுக்கே தெரியாது. சபைக்குப் போடும் கறுப்பு வெல்வெட் அங்கியோடு கரையிலிருந்து குதித்தார். இடுப்புவரை இறங்கியது. நாலு எட்டில் கயிற்றுக்குப் போய் இரண்டு காலாலும் மிதித்து, வழியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார். வந்த மீன் எல்லாம் அவர்மேல் மோதியது. ஒன்று தாடையில் வாலால் ஒரு அறை விட்டது. அந்த நாட்டில் அவரை அதற்கு முன் யாரும் அறைந்ததில்லை. கால் வழுக்கி உட்கார்ந்தார். கழுத்துவரை சேறு, ஆனால் கயிறு மட்டும் மேலே வரவில்லை, அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் வந்து விழுந்த ஒரு பெரிய கெண்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அது அவர் முகத்தில் சேற்றை வாரியடித்தது. அவர் சிரித்தார். வயிறு குலுங்கி, சத்தமே வராமல், கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துச் சேற்றில் நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். வலை இறுகியது. மீன் நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நேர் மேலே, கரையில், லூடெக்கே நின்றுகொண்டிருந்தான். பூட்ஸில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தொலைத்த சாவியைத் தன் பையிலேயே கண்டுபிடித்தவன் மாதிரி அவன் முகம் இருந்தது.

"அண்ணே, அழுறியா?"

வுல்பிராண்ட் மீனை விடவில்லை. "ஆமா."

"ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"தாங்க முடியலடா."

நாற்காலியிலிருந்து தீட்மார் கேட்டார், யார் அழுவது என்று. அண்ணன்தான் என்றான் லூடெக்கே, திரும்பிப் பார்க்காமல்.

மத்தியானம் கரைமேலேயே அண்டா வைத்துக் புளித்த காடியில் கெண்டை வேகவைத்தார்கள். லூடெக்கே கறுப்பு ரொட்டியோடு இரண்டு பெரிய துண்டு சாப்பிட்டான், மூன்றாவதைக் கேட்டு வாங்கினான். முள்ளை எடுத்துவைக்கும்போது குளங்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணுவதைப் பார்த்ததும் வுல்பிராண்ட் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். சின்ன வயசில் அவர் ஆசைப்பட்ட குதிரையை, நாய்க்குட்டியை, படுக்கையில் ஜன்னலோரத்தை எல்லாம் தம்பி இப்படித்தான் முதலில் எண்ணிப் பார்ப்பான். பிறகு எடுத்துக்கொள்வான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"பார்த்துட்டான்."

"எதை?"

"என்னை."

இல்ஸபே அங்கியைத் தூக்கிப் பார்த்து, இதை இனி துவைக்க முடியாது, புதைக்கத்தான் வேண்டும் என்றாள். பிறகு, மீன் எப்படி என்று கேட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். பால்குடிப் பன்றி அளவு என்றார், கையால் காட்டினார், எழுந்து நின்று காட்டினார், மிதித்த இடத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அரை மணி நேரம் கழித்துத்தான் எல்லாம் போய்விட்டது என்ற நினைப்பு வந்து உட்கார்ந்தார்.

மார்ட்டின் திருநாள் வரைக்கும் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் வுல்பிராண்ட் லோம்பெக்கிலிருந்து மனசைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். கோட்டை நல்ல கோட்டைதான் என்று சொல்லிக்கொண்டார். திராட்சைக் குன்றின்மேல் ஏறி நின்றார். அங்கிருந்து வடக்கே பார்த்தால் லோம்பெக் பக்கத்துப் பனிமூட்டம் தெரிந்தது. இறங்கிவந்துவிட்டார்.

அந்த நாளும் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. மேஜைமேல் இரண்டு தோல். வாத்து வறுபடும் வாசனை சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்ததால் சபைக்காரர்கள் சீக்கிரம் முடியட்டும் என்ற முகத்தோடு இருந்தார்கள். தீட்மாருக்கு அந்த அவசரம் இல்லை. அவர் எழுந்து, எடுப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்றார். இந்த ஆறு வாரத்தில் பிரித்தவர் ஏதாவது ஒரு பங்கின் பக்கம் சாய்ந்ததை இளையவர் கண்டாரா? கண்டிருந்தால் இப்போதே சொல்லவேண்டும்.

ஒரு பக்கத்தில் தொப்பி தயாராக இருந்தது. யாருடையதோ பெரிய கம்பளித் தொப்பி. வுல்பிராண்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுகூட நல்லதோ என்று ஒரு கணம் தோன்றியது. சீட்டில் குளம் விழுந்தாலும் விழலாம்.

லூடெக்கே எழுந்தான். ரொம்ப வருத்தத்தோடு பேசினான். அண்ணனை லோம்பெக்கில் பார்த்தேன் என்றான். அந்தச் சேற்றில் கழுத்துவரை உட்கார்ந்து அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, குரலே வரவில்லை. மீன் அவரை முகத்தில் அறைந்தது. கூடப் பிறந்தவன் என்ற முறையில் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தப் பங்கின் பக்கம் எந்த மனுஷனாவது சாய்வான் என்றால் அவனுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கவேண்டும். சபைத் தலைவரே அங்கு இருந்தார், அழுவதாக அண்ணனே சொன்னதைக் காதால் கேட்டார்.

தான் கேட்டது உண்மைதான் என்றார் தீட்மார். தொப்பியை எடுத்துப் போகச் சொன்னார்.

 தம்பி பொய் சொல்கிறான். அண்ணனுக்காகவா, தனக்காகவா என்று வுல்பிராண்டுக்குத் தெரியவில்லை. லூடெக்கே மேஜைக்கு நடந்தான். லோம்பெக் தோலைக் கையில் எடுத்தான். கூடம் முழுக்க ஒரு சலசலப்பு. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஏழு குளம் என்று நிறுத்தி நிதானமாகப் படித்தான். மூன்று கிராமம். அருமையான காற்றாலை. மரவீடு, காற்றோட்டமானது. ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். வுல்பிராண்ட் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் யூட்டா முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தான்.

"எல்லர்பர்க்" என்றான்.

தீட்மார் மூன்று தடவை கேட்டார், அவன் மூன்று தடவையும் சொன்னான். முத்திரை விழுந்தது. வழக்கப்படி அண்ணனும் தம்பியும் எல்லார் முன்னாலும் கட்டித் தழுவவேண்டும். தழுவினார்கள். சபை எதிர்பார்த்ததைவிட ரொம்ப நேரம் தழுவிக்கொண்டே நின்றார்கள். உள்ளே நடந்த பேச்சு வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"உப்பு இல்லையே?"

"இல்லடா."

"வெள்ளி?"

"சத்தியமா இல்ல."

"நீ சத்தியம் பண்ணுறத நான்தான் பார்த்தேனே. வெறும் மீனா?"

"வெறும் மீன்தான்."

"ஆறு வாரமா நான் தூங்கல அண்ணே. போடோ இன்னும் கஞ்சிதான் குடிக்கிறான். உனக்குக் கோட்டை வேணாம், காடு வேணாம், அந்தச் சாக்கடைதான் வேணுமா? உன்ன நல்லா ஏமாத்திட்டேன், போ."

"ஆமாடா, ஏமாத்திட்ட" என்றார் வுல்பிராண்ட். தம்பியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். தான்தான் அவனை ஏமாற்றினோம் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. அவனுக்கும் அப்படியே. கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்த மடத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், ரத்த பாசத்தைப் பற்றி மறுநாள் பிரசங்கமே செய்தார்கள்.

தழுவி முடித்து ஐந்து நிமிஷத்தில், வேட்டை நாய்கள் யாருக்கு என்று எழுதவில்லை என்பதை லூடெக்கே கண்டுபிடித்தான். அதற்காக வாத்து ஆறும்வரை சண்டை போட்டார்கள். இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

பொய்ச் சத்தியத்தை வுல்பிராண்ட் அன்றே பாதிரியாரிடம் அறிக்கையிட்டார். பாதிரியார் ரொம்ப யோசித்து, நாற்பது நாள் இறைச்சியைத் தொடக்கூடாது, மீன் மட்டுமே சாப்பிடவேண்டும் என்று தண்டனை விதித்தார். கோமகன் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். அதன்பிறகு அவர் பத்தொன்பது வருஷம் லோம்பெக்கை ஆண்டார். யாரோடும் போருக்குப் போகவில்லை. பேரரசர் படைக்கு ஆள் கேட்டு எழுதியபோது, கரையில் உடைப்பு, ஆள் இல்லை என்று பதில் எழுதி முப்பது பீப்பாய் உப்பிட்ட கெண்டை அனுப்பினார். மறுவருஷக் கடிதம் ஆள் கேட்டு வரவில்லை, மீன் கேட்டு வந்தது.

ஆனால் அந்த மார்ட்டின் திருநாளில் லோம்பெக் ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. புதுக் கோமகன் யார் என்பதுகூடத் தெரியாது. மறுநாள் காலையிலிருந்து கரைமேல் கூட்டமாக நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டைக்காரர் வந்தால் குளத்தை உடைத்து மான் மேயப் புல் விடுவார் என்று ஒரு பேச்சு இருந்தது. ஹென்னெக்கே மூன்றாம் குளத்து மதகுப் பலகைக்குக் களிமண் அப்பிக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்குமேல் மூடுபனியில் ஒரு குதிரையும் பின்னால் சாமான் வண்டி ஒன்றும் தெரிந்தன. வண்டிமேல் ஒரு பெண் ஒரு செப்புச் சட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிரையில் வந்தவர் முகம் பனியில் தெரியவில்லை. வீட்டுக்குப் பிரியும் இடத்தில் வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியது. குதிரை திரும்பவில்லை. நேராகக் கரைமேல் ஏறி மூன்றாம் குளத்து மதகுக்கு வந்தது. வந்தவர் இறங்கினார், குனிந்து பலகையின் அடியில் கைவிட்டுப் பார்த்தார்.

கூட்டத்தில் முன்னால் நின்ற பெண் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள்.

ஹென்னெக்கே களிமண் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் தன் சட்டையிலேயே துடைத்தான்.

"அப்ப நீங்கதானா ஐயா?"

"நான்தான்."

"கசியுது."

"தெரியுது. களிமண்ணு பத்தாது, பலகையவே மாத்தணும். யாரையாவது ரம்பம் எடுத்துவரச் சொல்லு" என்ற வுல்பிராண்ட் அங்கியைக் கழற்றிக் குதிரைமேல் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.